கூனன்பாறையில் ஒரு கையெழுத்து

ஜன்னல் ஓரத்தில் நீங்களே இருங்கள் சார். எனக்கு வெளியே பார்க்க ஒன்றும் பாக்கி இல்லை. இந்த நாற்பது கொண்டை ஊசி வளைவையும் போலீஸ் வேனுக்குள் உட்கார்ந்து கம்பி வலை வழியாகவே பார்த்து முடித்தவன் நான். முதலில் உங்களைத் தோழர் என்றுதான் கூப்பிட நினைத்தேன். சட்டையின் இஸ்திரியைப் பார்த்ததும் சார் என்று மாற்றிக்கொண்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வண்டி இப்போதைக்கு நகராது. மேல் வளைவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் முக்கிக்கொண்டு நிற்கிறது. ஐப்பசி மழை பெய்தால் இந்த ரோட்டில் இது வழக்கம். வால்பாறைக்கா போகிறீர்கள்? நாங்கள் அதற்கு முன்னால் மஞ்சக்கொம்பை பிரிவில் இறங்கிவிடுவோம். நாங்கள் என்றால் நானும், அதோ, டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் கம்பளிக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு தலை தொங்கத் தூங்குகிறாரே, அவரும். தெய்வசிகாமணி. மஞ்சக்கொம்பை எஸ்டேட்டில் மானேஜராக இருந்தவர். நான் அதே எஸ்டேட்டின் தொழிற்சங்கச் செயலாளர் ஆசீர்வாதம். கேள்விப்பட்டிருப்பீர்களே? இல்லையா? பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்தப் பதில் எனக்குப் பழகிவிட்டது.

எட்டு வருடமாக அவரும் நானும் சம்பந்திகள். முப்பது வருடமாக எதிரிகள். பெரியது எதுவோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான் இவ்வளவு நாளும் இருந்தேன்.

என் மகள் கிளாரா. அந்தப் பெயரை வைத்தபோது என் மாமியார் நல்ல வேதக்காரப் பெயர் என்று கண்ணீர் விட்டாள். நான் வைத்தது வேறொரு கிளாராவுக்காக, அயல் நாட்டில் பெண்களைத் திரட்டிய போராளி. மாமியாரிடம் சொல்லவில்லை. அவளுக்குச் சந்தோஷம், எனக்கும் கொள்கை கெடவில்லை. என் கிளாரா கோயம்புத்தூரில் படிக்கும்போது மானேஜர் மகன் பிரபுவைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டாள். லயன் வீட்டுப் பெண், பங்களாப் பையன். லயன் தெரியுமல்லவா, தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடு. அவர் ஜாதி கெட்டது என்றார். நான் வர்க்கம் கெட்டது என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்று என் மனைவி ஞானப்பூ சொன்னாள். நான் அவளுக்கு வேறுபாட்டை விளக்க ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அவள் எழுந்துபோய் மீன் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு ஒரு பேத்தி. இனியா. ஆறு வயது. நேரில் பார்த்ததில்லை. ஹைதராபாத்தில் இருக்கிறார்கள். என் மனைவியும் அவர் மனைவியும் ஒரே ரயிலில், எதிரெதிர் படுக்கையில், முறுக்கு டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு வருடா வருடம் போய்ப் பார்த்து வருகிறார்கள். ஆண்கள் நாங்கள் இரண்டு பேரும் கொள்கையோடு பொள்ளாச்சியில் இருந்தோம்.

இந்த வருடம் கிளாரா போனில் சொன்னாள்: "அப்பா, தீபாவளிக்கு வரலாம்னு இருக்கோம். ஆனா உங்க வீட்டுக்கு ஒரு நாள், மாமா வீட்டுக்கு ஒரு நாள்னு பிள்ளைய பார்சல் மாதிரி தூக்கிட்டு அலைய மாட்டேன். ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடணும். முடியுமா, முடியாதா?"

தீபாவளி சார். உழைப்பவன் சட்டைப்பையைச் சுரண்டும் திருவிழா என்று எட்டுப் பக்கம் எழுதி அச்சடித்தவன் நான். தீபாவளியை எதிர்த்தேன், தீபாவளி போனசுக்காகப் பதினாறு முறை வேலைநிறுத்தம் செய்தேன். அதில் முரண்பாடு இருப்பதாக அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

"முடியும்" என்றேன்.

"வாயால சொன்னா நம்ப மாட்டேன். உங்க மகதானே நான்" என்றாள். "எழுத்துல வேணும்."

அப்போதுதான் அந்த டப்பா விவகாரம் வெளியே வந்தது. உலகம் முழுக்க இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறதாம். ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவன் ஒரு டப்பாவை ஏதாவது மலையிலோ பாலத்துக்கு அடியிலோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் எண்களைச் செயலியில் போட்டுவிடுகிறான். யாரோ முகம் தெரியாதவன் போனில் ஓடும் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து, அதைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறான். உள்ளே சில்லறைச் சாமான்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான். பரிசு கிடையாது, கூலி கிடையாது. நான் கேட்டேன், இதனால் யாருக்கு லாபம் என்று. யாருக்கும் இல்லை என்றாள். லாபமே இல்லாத ஒரு காரியம் உலகம் முழுக்க நடக்கிறது, நாற்பது வருடம் புத்தகம் படித்த எனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

கிளாராவும் பிரபுவும் காதலித்த காலத்தில், பத்து வருடத்துக்கு முன்னால், எஸ்டேட்டுக்கு மேலே கூனன்பாறையில் அப்படி ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் ஒரே பொய்தான் சொல்லியிருந்தார்கள். கல்லூரி முகாம்.

"நீங்க ரெண்டு பேரும் சேந்து மலை ஏறணும். டப்பாவ எடுக்கணும். நோட்டுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எனக்குப் போட்டோ அனுப்பணும். அனுப்பினா டிக்கெட் இருக்கும். இல்லேன்னா கேன்சல்."

கையெழுத்து. அவள் வேண்டுமென்றேதான் கேட்டாள்.

சார், நான் கையெழுத்துப் போடாதவன். என் அப்பா கைநாட்டு வைத்த ஒரு வெள்ளைத்தாள் பின்னால் ராஜினாமாக் கடிதம் ஆகி, அவர் வேலை போனது. அன்றையிலிருந்து நிர்வாகம் நீட்டுகிற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே என்பதுதான் என் முதல் பாடம், கடைசிப் பாடம். 'கையெழுத்தா, கழுத்துக் கயிறா?' என்று ஒரு துண்டுப் பிரசுரமே போட்டேன். நல்ல விற்பனை. இலவசம்தான், ஆனாலும் நல்ல விற்பனை. நாளடைவில் அது உடம்போடு ஊறிவிட்டது. கூரியர்காரன் வந்தால் ஞானப்பூதான் போட வேண்டும். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவம் கொடுத்தார்கள். நாலு பக்கம். நான் மூன்றாவது பக்கத்தில் ஒரு ஷரத்து சரியில்லை என்று டாக்டரோடு விவாதித்துக்கொண்டிருந்தேன். அவள் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே தலையைத் தூக்கிச் சொன்னாள்: "வேய், நான் செத்த பொறவு ஒப்பாரி வைக்கவும் ஷரத்து பாப்பீரா? போடும்வேய்!" அன்றைக்குப் போட்டேன். அது ஒன்று.

கிளாரா கல்யாணத்துக்குப் பதிவாளர் அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டாள். போடவில்லை. அது இன்னொன்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சக்கொம்பை பிரிவில் இறங்கினோம். மானேஜர் காலில் முழங்கால் வரை அட்டைக்கடி உறை, கையில் தடி, தோளில் தண்ணீர், போனில் அம்புக்குறி. நான் வேட்டியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு.

"ஏனுங்க சம்பந்தி, அட்டை கடிக்குமுங்க. எங்கிட்ட இன்னொரு ஜோடி உறை இருக்குதுங்க."

"மானேஜர், அட்டைகளோடு முப்பது வருடம் போராடியவன் நான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நிர்வாகத்தை அட்டை என்று நான் எழுதிய பிரசுரத்தில் அவருக்கும் ஒரு பிரதி போயிருந்தது. ஆனால் சார், உண்மையான அட்டைக்கு வர்க்க உணர்வே கிடையாது. அரை மைலில் என் காலில் பதினோரு அட்டை. உறை போட்டவர் காலில் ஒன்றுகூட இல்லை. மூக்குப்பொடியைத் தடவி ஒவ்வொன்றாக உதிர்த்தார் அவர், குனிந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்கும் மழைக்கும் நடுவில் ஒரு வெயில் அடித்தது. சில்வர் ஓக் இலைகள் வழியெல்லாம் உதிர்ந்து கிடந்தன. அம்புக்குறி இடது பக்கம் போகச் சொன்னது.

"வலது பக்கம்" என்றேன் நான். "கூனன்பாறைக்கு எனக்கு வழி சொல்ல ஒரு போன் வேண்டுமா? இந்த மலையில் நான் கால் வைக்காத இடம் உண்டா?"

"இடதுங்கறதுதானுங்க உங்க பக்கம்" என்றார்.

நகைச்சுவை. முப்பது வருடத்தில் முதல் தடவை. நான் வலது பக்கம் நடந்தேன். ஒன்றரை மணி நேரம் நடந்தோம். தேயிலைக் காடு முடிந்து, ஓடை வந்து, மறுபடி தேயிலைக் காடு வந்தது. கடைசியில் ஒரு பாறை தெரிந்தது. அதன் அடியில் கையை விட்டேன். டப்பா!

பார்த்தீர்களா என்று நான் அவரிடம் வாயால் கேட்கவில்லை. முகத்தால் கேட்டேன். மூடியைத் திறந்தேன். உள்ளே வெற்றிலை, பாக்கு, புகையிலைத் துண்டு, ஒரு தலைவலித் தைலம்.

"யாருய்யா அது, என் வெத்தல டப்பாவ நோண்டுறது?"

மேல் வரிசையிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்தாள். இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, முதுகில் கூடை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். வந்தவள் மானேஜரைப் பார்த்ததும் அப்படியே நின்று கும்பிட்டாள். "அய்யோ, தொரையா! நல்லா இருக்கியளா தொரை? மெலிஞ்சு போனியளே!"

"நல்லா இருக்கேனுங்க. வெள்ளத்தாயி தானே? ரெண்டாம் டிவிஷன்?"

பெயர் தெரிந்து வைத்திருக்கிறார் சார். அவள் என் பக்கம் திரும்பினாள். "இவரு யாரு தொரை?"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "அம்மா, தொண்ணூற்று மூன்றாம் வருட வேலைநிறுத்தம் ஞாபகம் இருக்கிறதா? ரெண்டாம் டிவிஷன் மைதானத்தில் மூன்று மணி நேரம்..."

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அட, மைக்குசெட்டுக்காரரா! உங்க செட்டுல பாட்டு நல்லா இருக்கும்யா. நடுவுல ஒருத்தரு பேசிப் பேசி உயிர வாங்குவாரு."

மானேஜர் திரும்பி நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. இருமல் என்று பின்னால் சொன்னார்.

நாங்கள் தேடி வந்ததை அவர் சொன்னதும் வெள்ளத்தாயி, "வெள்ளக்காரப் பிள்ளைக போனப் பாத்துக்கிட்டே வந்து தேடுமே, அந்த டப்பாவா? அது கீழ கெடக்கு தொரை, நீங்க வந்த பாதையில எடப்பக்கம் போயிருக்கணும்" என்றாள். எஸ்டேட்டில் எல்லோருக்கும் அது தெரியுமாம். போன வருடம் காட்டுப்பன்றி உருட்டித் தள்ளியபோது, "யாரோட நோட்டோ, நனஞ்சிரப்படாதேன்னு நாந்தான் பாலித்தீன் சுத்தி வச்சேன்" என்றாள். மக்களிடம் கேள், மக்களுக்குத் தெரியும் என்று நான் எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன். கேட்டவர் மானேஜர்.

மூன்று மணிக்கு உண்மையான கூனன்பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். முதுகு வளைந்த கிழவன் மாதிரி ஒரு பாறை. அதன் வயிற்றுக்கு அடியில் பாலித்தீன் சுற்றிய டப்பா. நாலு பக்கமும் காது மடங்குகிற பிளாஸ்டிக் டப்பா. மழையும் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் பாறைக்கு அடியில் ஒண்டி உட்கார்ந்தோம், தோளோடு தோள். வேறு இடமில்லை.

உள்ளே ஒரு சாவிக்கொத்து, ஒரு வெளிநாட்டு நாணயம், கோலிகுண்டு, ஒரு பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கி. அந்த ஒட்டகச்சிவிங்கியை நான் எடுப்பதற்கும் அவர் எடுப்பதற்கும் சரியாக இருந்தது. அவர் பதிலுக்கு ஒரு கோல்ஃப் பந்து கொண்டுவந்திருந்தார். நான் என் பிரசுரம் ஒன்று கொண்டுவந்திருந்தேன். ஒரே பேத்தி, ஒரே ஒட்டகச்சிவிங்கி, இரண்டு தாத்தா. கால் மணி நேரம் பேச்சுவார்த்தை. அது இப்போது அவர் பையில் இருக்கிறது. தற்காலிக ஏற்பாடுதான்.

பிறகு நோட்டை எடுத்தேன். எதையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடும் வழக்கம் எனக்கில்லை என்பதால் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முதல் பக்கத்தில் கிளாராவின் எழுத்து. பள்ளிக்கூடத்தில் என் சுவரொட்டிகளுக்கு எழுதிப் பழகிய எழுத்து. என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? 'இந்த டப்பாவை முதலில் கண்டுபிடிப்பது எங்கள் அப்பாக்களாக இருந்தால், நாங்கள் தொலைந்தோம்.' கீழே இரண்டு பேரின் பெயரும்.

அவருக்குக் கண்ணாடி இல்லை. வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்களுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஒருவன், பெங்களூரிலிருந்து ஒரு கூட்டம், யாரோ கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண். இந்தப் பிள்ளைகள் எங்களுக்குப் பயந்து ஒளித்து வைத்ததைப் பார்த்து நாற்பத்தொரு அந்நியர்கள் வாழ்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்போது அவர் சொன்னார், வெளியே பார்த்துக்கொண்டே: "அன்னிக்கு உங்களப் பாத்தேனுங்க."

"என்றைக்கு?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. எதுத்தாப்பல ஜெராக்ஸ் கடை ஓரத்துல நின்னீங்க. பதினொரு மணிக்கு வந்தீங்க. நாலு மணி வரைக்கும் நின்னீங்க. வெள்ளச் சட்ட. நீங்க எப்பவும் செவப்புத்தான் போடுவீங்க, அதனால மொதல்ல அடையாளம் தெரியலீங்க."

சார், இதை நான் ஞானப்பூவிடம்கூடச் சொன்னதில்லை.

"நீங்கள் எங்கிருந்து பார்த்தீர்கள்?" என்றேன்.

"கார்ல. தெருமுனையில. நானும் நாலு மணி வரைக்கும்."

அந்தத் தெருவின் இரண்டு பக்கமும் நாங்கள் இரண்டு பேரும் இருந்திருக்கிறோம். மேலே மாடியில் பிள்ளைகளுக்குச் சாட்சி போட ஆள் இல்லை. கடைசியில் இரண்டு ஆட்டோ டிரைவர்களும் பத்திரம் எழுதுகிற ஒருவரும் போட்டார்கள். அந்த ஆட்டோ டிரைவர்களில் ஒருவன் என் பழைய சங்கத்துக்காரன், எஸ்டேட்டை விட்டு ஆட்டோ ஓட்ட வந்தவன். கையெழுத்துப் போடாதே என்று நான் பாடம் எடுத்த ஆள். பத்து நிமிடத்தில் போட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கொடுத்த சர்க்கரைப் பாக்கெட்டோடு இறங்கி வந்து என்னைப் பார்த்து, "தோழர், நீங்க மேல போகலையா?" என்றான். ஜெராக்ஸ் எடுக்க வந்தேன் என்றேன். ஐந்து மணி நேரம். என்ன ஜெராக்ஸ் அது, மகாபாரதமா?

ஏன் ஏறவில்லை என்று கேட்கிறீர்களா? அது கொள்கை. சாட்சிக் கையெழுத்து என்றால் என்ன அர்த்தம்? சம்மதம் என்று அர்த்தம். மானேஜர் மகனுக்கு நான் பெண் கொடுத்தேன் என்று நாளைக்கு லயனில் நாலு பேர் பேசினால், இயக்கம் என்ன ஆகும்? இயக்கம் அதற்கு மூன்று வருடம் முன்பே கலைந்துபோய்விட்டது என்பது வேறு விஷயம்.

மழை விட்டதும் அவர் முதலில் போட்டார். அந்தக் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு குற்றப்பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில், வால் நீண்ட எழுத்து. பேனாவை என்னிடம் நீட்டிவிட்டுச் சொன்னார்: "உங்க கையெழுத்த நான் ஒரு தடவகூடப் பாத்ததில்லீங்க. சார்ஜ்ஷீட்ட எப்பவுமே வாங்க மாட்டேம்பீங்க. உங்க வீட்டுக் கதவுலதான் ஒட்டிட்டு வருவோம்."

போட்டேன் சார். ஆசீர்வாதம் என்று முழுப் பெயரும் போட்டேன். போட்டோ எடுத்தார். அங்கே சிக்னல் இல்லை. பிரிவுக்கு இறங்கி வந்து டீக்கடையில் உட்கார்ந்து அனுப்பினார். டீ குடித்தோம். அவர் காசு கொடுக்க வந்தபோதுகூட நான் தகராறு செய்யவில்லை. வீட்டுக்குப் போய் ஞானப்பூவிடம், "பார்த்தாயா, ஆசீர்வாதம் இறங்கி வந்தால் எப்படி இறங்கி வருவான் என்று" என்றேன். அவள் அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டாள்.

அரை மணி நேரத்தில் கிளாராவிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஞானப்பூவும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

"அப்பா, போட்டோ வந்துச்சு. உங்க பேருக்குக் கீழ ஒரு வார்த்தை எழுதியிருக்கீங்க. 'ஆட்சேபணையுடன்.' எதுக்குப்பா ஆட்சேபணை? எனக்கா? பிரபுவுக்கா? இனியாவுக்கா? அவ ராத்திரி முழுக்க தாத்தா வீட்டுக்குப் போறோம்னு பை அடுக்கிட்டு இருந்தா. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். போட்டோவ நீட்டி, இது என்ன வார்த்தைம்மான்னு கேக்குறா. நான் என்ன சொல்ல? வெள்ளிக்கிழமை வரைக்கும் டிக்கெட்ட வச்சிருப்பேன்."

சார், சத்தியமாகச் சொல்கிறேன், சத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். அதை எழுதியது எனக்கே தெரியாது. ஒப்பந்தம் எதிலாவது வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட நேர்ந்தால் பெயருக்குக் கீழே 'ஆட்சேபணையுடன்' என்று எழுத வேண்டும், அப்போதுதான் நாளை வழக்குப் போட உரிமை இருக்கும் என்று ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவன் நான். மானேஜர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து என்றவுடன் கை அதுவாகவே எழுதிவிட்டது. போட்டோ எடுத்தவருக்குக் கண்ணாடி இல்லை. எனக்குக் கண்ணாடி இருந்தது, கண்தான் இல்லை.

ஞானப்பூ எழுந்து போனாள். ஊறப்போட்ட அரிசியைக் கோழிக்குக் கொட்டினாள்.

இரண்டு நாள் யோசித்தேன். மகளுக்கு விளக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நேற்றுக் காலை, மகன் சொல்லி விஷயம் தெரிந்து, மானேஜர் என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "நாளைக்குக் காலைல ஒம்போது மணி வண்டிங்க. டிக்கெட் நான் எடுக்கறேன்" என்றார். முழங்கால் வீங்கியிருக்கிறது அவருக்கு. படியில் பக்கவாட்டாக இறங்குகிறார். நீங்கள் எதற்கு, வார்த்தையை எழுதியவன் நான்தானே, நான் போய் அடித்துவிட்டு வருகிறேன் என்றேன். "போட்டோ எடுக்க ஆள் வேணுமில்லீங்க" என்றார்.

இன்றைக்கு வியாழன். இந்த லாரி ஒதுங்கினால் சாயங்காலத்துக்குள் ஏறி இறங்கிவிடலாம். ஆனால் எனக்குள் ஒரு சிக்கல். ஒரு வார்த்தையை வெறுமனே அடித்துவிட்டால் போதுமா? அடித்த வார்த்தை தெரியத்தானே செய்யும்? அதனால் அதற்குக் கீழே இரண்டு வரி எழுதலாம் என்று பொள்ளாச்சி நிலையத்திலிருந்து எழுதிப் பார்த்துக்கொண்டு வருகிறேன். நாற்பது வருடம் பிரசுரம் எழுதிய கை. ஆறாவது வரைவு இது. முதலாவது, 'பெறுநர்: கிளாரா அவர்கள். பொருள்: ஆட்சேபணையை விலக்கிக்கொள்வது தொடர்பாக' என்று ஆரம்பித்தது. அதை நானே கிழித்துவிட்டேன். எனக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு. இதைப் பாருங்கள். நான் வாசிக்கிறேன், என் எழுத்து உங்களுக்குப் புரியாது.

'கிளாரா, அன்றைக்கு நான் வந்திருந்தேன். படி ஏறவில்லை. ஏனென்றால்...' இங்கிருந்து காரணம். முதல் காரணம் அன்றைய அரசியல் சூழல். அது எட்டு வரி. இரண்டாவது...

என்ன மானேஜர்? விழித்துக்கொண்டுதான் இருக்கிறீர்களா? எப்போதிலிருந்து? மைக்குசெட்டிலிருந்தா?

கேட்டீர்களா சார், என்ன சொல்கிறார் என்று? காரணத்தை வெட்டுங்க என்கிறார். முப்பது வருசமா உங்க காரணத்தப் படிச்சவன் நானுங்க, ஒண்ணுகூட நல்லா இருந்ததில்லீங்க என்கிறார். இந்த வண்டியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறார். சிரிக்காதீர்கள் சார்.

லாரி ஒதுங்கிவிட்டது போல. கண்டக்டர் விசில் கொடுக்கிறான்.

இதோ, மடித்துக்கொண்டேன். இந்த இடத்தில். 'ஏறவில்லை' என்பதற்குக் கீழே. நகத்தால் அழுத்தினால் நேராகக் கிழியும். இந்தப் பெரிய துண்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் சார். அன்றைய அரசியல் சூழலைத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல் வழியாகப் போட்டுவிடுங்கள், பார்த்துப் போடுங்கள், குரங்கு எடுத்துப் படித்துவிட்டு விவாதத்துக்கு வரப்போகிறது.

இந்தச் சின்னத் துண்டு எனக்குப் போதும்.